படகு வராமலே ஒலித்த பாட்டு

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் படகைக் கரையேற்றும்போது ஆண்கள் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பக்கத்து வீட்டு மீனா உடம்பை ஆட்டித் தாளம் போட்டதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. மீனாவுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம் உள்ளவள், பேச்சு வரவில்லை. இசை சிகிச்சை பற்றி நான் நான்கு வீடியோ பார்த்திருந்தேன். போதாதா?

மறுநாளே அந்தப் பாட்டைப் போனில் பதிவு செய்து, மத்தியானம் அவள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் முகம் மலர்ந்தது. சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, சார்ஜர் எடுக்க என் வீட்டுக்கு ஓடினேன். இரண்டே நிமிடம்தான். திரும்பி வந்தால் ஆளைக் காணோம், கதவு திறந்து கிடந்தது.

கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அவள் அம்மாதான் பாய்ந்துபோய் இழுத்து வந்தார்.

"இன்னாத்த படிச்சியோ போ! அந்தப் பாட்டு கேட்டா படகு வந்துச்சுனு அர்த்தம். நைனாகூட கயிறு புடிக்க தெனம் ஓடுவாளே, தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்க்கா. யோசிக்கல."

"இனிமே என்னாண்ட கேட்டுட்டு யோசி!"

இப்போது எந்தச் சத்தமானாலும் அக்காவிடம் கேட்ட பிறகுதான். மணி என்றால் குல்பி வண்டி, விசில் என்றால் பஸ் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். கடைசியில் காட்டூர் தோழியிடம் ஒரு கஞ்சிரா வாங்கி வந்திருக்கிறேன். இங்கே அது யாரையும் எங்கேயும் கூப்பிடாது. ஞாயிற்றுக்கிழமை மெதுவாகத் தட்டிப் பார்க்கப் போகிறேன். வாசலை மறித்து உட்கார்ந்துகொள்வதாக அக்கா சொல்லியிருக்கிறார்.