அண்டாவில் இருந்த விரால்

'பொளக்'. அடுப்படி மூலையிலிருந்த பித்தளை அண்டாவிலிருந்து சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அந்தச் சத்தம் வரும். வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரு விரலை மடக்கிக்கொள்வாள். எழுபதுகளின் கடைசியில், வேங்கிக்கால் ஏரி வற்றிக்கொண்டிருந்த ஒரு பங்குனியில், அக்காவின் மூச்சு 'இழுப்பு'க்கு விரால் சாறு நல்லதென்று யாரோ சொல்லி, அப்பா உயிரோடு ஒன்றை வாங்கிவந்துவிட்டார். "இன்னைக்கு கிருத்திகை, நாளைக்கு வெள்ளி. சாமி மலைக்கு எதிர்ல குந்திக்கினு மீன் ஆயச் சொல்றீங்களா?" என்று அம்மா அதட்டியதில் விராலுக்கு இரண்டு நாள் ஆயுள் நீண்டது.

"அதுக்கும் என்னாட்டமே இழுப்புடா. மேல வந்து வந்து காத்து வாங்குது பாரு" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்பில் அப்போதுதான் முதுகெலும்புள்ள பிராணிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து முடித்திருந்தோம். மீனென்றால் குளிர் இரத்தம், ஈரறை இதயம், செவுளால் சுவாசம். பக்கக்கோடு எது, வால்துடுப்பு எது என்று துடைப்பக்குச்சியால் தொட்டுக்காட்டி அந்த மீனுக்கே பாடம் நடத்தியவன் நான். "செவுள் இருக்கிறதுக்குக் காத்து எதுக்கு? தண்ணி கம்மியா இருக்குது, அதான் மேல வருது" என்றேன்.

"போடா, பெரிய சயின்ஸு வாத்தியாரு. அந்த மீனையே கேட்டுட்டு வந்து சொல்லு."

மறுநாள் காலை இழுப்பு ஜாஸ்தியாகி, ஊசி போட அம்மா அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். என் கட்சியை நிரூபிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அண்டாவை விளிம்புவரை நிரப்பி, மீன் எகிறிக் குதிக்காதபடி தாம்பாளத்தால் மூடி, அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மாலையில் திறந்தால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

"நல்லா இருந்த மீனு எப்பிடிடா சாவும்?" என்றார் அப்பா. நான் ஒரு செதிலைப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, வளையங்களை எண்ணுவதுபோல் பாவனை செய்து, "வயசான மீனுப்பா" என்றேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அக்கா, தரையில் கிடந்த குழவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊசிக்குப் பிறகும் அவள் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டாள்: "எவ்ளோ நேரம்டா அந்தத் தட்டை முட்டிக்கினே இருந்திருக்கும்?"

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது, விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்று வாங்கவென்றே தனி அறைகள் உண்டென்றும், மேலே வரவிடாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்றும். வண்ணப் பென்சிலால் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, 'மிக நன்று' வாங்கினேன். காட்டுவதற்கு அக்கா இல்லை. அதற்கு முந்தைய மார்கழிப் பனியை அவள் தாண்டவில்லை.

அண்டா பழைய பாத்திரக்காரரிடம் போய்விட்டது. ஏரிக்கரைவரை வீடுகள் வந்துவிட்டன. போன ஞாயிறு மீன்கடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர், மூடி முழுக்க ஓட்டை. எதற்கென்று தெரியாதவன்போல் கேட்டேன்.

"விரால் சார். காத்து வாணாமா அதுக்கு?" என்றார் கடைக்காரர், இதுகூடத் தெரியாதா என்ற பார்வையோடு. "எவ்ளோ போடட்டும்?"

'பொளக்' என்றது டப்பா. ஒரு விரலை மடக்கிக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்து நின்றேன்.