சுக்குநாறிப்புல் குருவம்மாள்

குற்றாலத்தில் குருவம்மாள் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். மலைச்சரிவில் அவள் அறுத்து வந்த சுக்குநாறிப்புல் முற்றம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்து அடிக்கிற வாசம். காய்ச்சலுக்கு அதையும் சுக்கையும் தட்டிப்போட்டுக் கஷாயம், சளிக்குப் போர்வைக்குள் வேது, மூட்டுப் பிடிப்புக்குத் தேங்காயெண்ணெயில் கலந்த புல்தைலம். கைராசிக்காரி என்று தென்காசி வரைக்கும் பேர்.

பேர் இருந்து என்ன? வைத்தியம் முடிந்து கிளம்புகிறவர்கள் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் நோயும் திரும்பி வரும். குணமானபின் அந்த வாசலை மிதிப்பதும் ஆகாது. எந்த மகராசன் கட்டிவிட்ட வழக்கமோ, ஊரே அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வராதவர் பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்று யார் வந்து சொல்வது? புருஷனும் இல்லாமல் பிள்ளைகுட்டியும் இல்லாமல் இருந்தவளுக்கு இந்த ஒரு குறைதான் நெஞ்சை அரித்தது.

யுத்தத்துக்கு முந்தின வருஷம், ஆனிச் சாரலில், கடையநல்லூரிலிருந்து பரீது என்ற நெசவாளியை அவன் அண்ணன்மார் வண்டியில் தூக்கி வந்தார்கள். விஷக்காய்ச்சல் விட்ட பிறகும் முட்டும் இடுப்பும் பூட்டிக்கொண்டு, தறிக்குழியில் கால் இறக்க முடியாமல் கிடந்தான். கூட வந்த பெண்டாட்டி ஹாஜரா பீவி புல் கொதிக்கிற பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேது, தைலம், ஒற்றடம் என்று குருவம்மாள் பாடாய்ப் பட்டாள். பரீது சுவரைப் பிடித்து நின்றான். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் மறுபடி கண்டது. பயந்துபோன அண்ணன்மார் அவனை ஊருக்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கஷாயத்துக்கு ஒரு கட்டுப் புல்லை வண்டிக்குள் திணிக்கத்தான் அவளுக்கு நேரம் இருந்தது.

அதன்பின் குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கடையநல்லூர்க்காரர் யாரைக் கண்டாலும் கேட்க வாய் வரும். என்ன சொல்வார்களோ என்று மூடிக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை வாசலில் வண்டி நின்றது. வெள்ளைத் துப்பட்டியை விலக்கிக்கொண்டு ஹாஜரா இறங்கினாள். பரீது இல்லை. குருவம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏ யம்மா, ஒன் மாப்பிள எங்க?"

"தறியில இருக்காகக்கா. நீங்க தந்த புல்லுக் கஷாயத்துலயே காச்சல் விட்டுட்டு. இப்பம் நல்லா நெய்யுதாக."

"அப்பம் ஒனக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலக்கா. சும்மா வந்தேன்."

"கொணமான பொறவு இங்கன வரக்கூடாதே. யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் சொன்னாவ. ஒங்களப் பாக்காம இருக்க முடியலக்கா."

அவன் பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியே குருவம்மாளுக்குத் தாங்க முடியவில்லை. இதில் இவள் வேறு சும்மா வந்திருக்கிறாள். உள்ளே வாம்மா என்று கையைப் பிடித்து அழைத்துப்போனவள், நடுவீட்டில் திகைத்து நின்றாள். இருந்தது ஒரே பாய், நோயாளிகளைப் படுக்க வைக்கிற பாய். அதில் இவளை எப்படி உட்கார வைப்பது? முந்தானையால் அடுப்படித் தரையைத் துடைத்தாள்.

"இங்கன என் பக்கத்துல இரு" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.