பேருந்தில் சூப்பர் ஹீரோ தொடர் பார்த்தவர்

சென்ற அக்டோபரிலிருந்து மார்ச் வரை, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து நியூயார்க் செல்லும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். நரைத்த மீசை. போனில் எப்போதும் ஒரே சூப்பர் ஹீரோ தொடர். நடுநடுவே நிறுத்தி, உதட்டை அசைத்து ஆங்கிலத்தில் ஏதோ ஒத்திகை பார்ப்பார்.

"அவ்ளோ பிடிக்குமா சார்?"

"எனக்கு இது தலைவலி. காலேஜ்ல இருக்கிற என் பையனுக்குப் பிடிக்கும். என்கிட்ட பேசறதே இல்ல. இதைப் பத்தின்னா பேசுவான்னுதான் ஒத்திகை பாக்கறேன். ஹீரோ ஊருக்கெல்லாம் முகமூடியைக் கழட்டறான், அப்பாகிட்ட மட்டும் மாட்டேங்கறான். அதான் சார் கதையோட தீம்."

மார்ச்சில் கேட்டேன், "பேசினானா?"

"நேத்து ஃபோன் பண்ணினேன். 'ஐ ஸ்டாப்டு வாட்சிங், டாட்'னு சொல்லி ஃபோனை வெச்சுட்டான்."

சொல்லிவிட்டு அடுத்த எபிசோடைத் திறந்தார். அன்று அவர் உதடு அசையவே இல்லை.