முதலாம் மாடிக்கு வந்த மரம்

“உங்கள் வீட்டில் மரம் மூன்று ராஜாக்கள் நாள்வரை தாங்காது. இந்த வருடம் உங்களைத் தாண்டிப் போய்விடலாமே.”

மேல்மாடி ஃபிராவ் மோசர், அதாவது திருமதி மோசர், படிக்கட்டில் நின்று இதைச் சொன்னபோது அன்பாகச் சிரித்தார். அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பாகத் தாண்டிப் போகிறவரை என்ன செய்வது?

விஷயம் இதுதான். நானும் கூடப்பிறந்த அண்ணையும் பீல் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில் இருக்கிறோம். மற்ற மூன்று வீடுகளிலும் தனியாக வாழும் வயதான சுவிஸ்காரர்கள். தனி ஆளுக்குத் தனி மரம் எதற்கு என்று அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்மஸுக்குக் கட்டடம் முழுவதற்கும் ஒரே மரம். அது மாடி வரிசைப்படி வருடத்துக்கு ஒரு வீட்டில் நிற்கும். முறை யாருடையதோ அவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும்.

மற்றவர்கள் இரண்டு தடவை வருவார்கள். கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மாலையில் ஒருதரம், ஜனவரி ஆறாம் திகதி மூன்று ராஜாக்கள் நாளில் ஒருதரம். இரண்டு தடவையும் கிளைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மின்குமிழ் அல்ல... உண்மையான நெருப்பு! மரம் பச்சையாக இருந்தால் அழகு. காய்ந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும், நாலு வீடும் போய்விடும்.

போன வருடம் மரம் கீழ்வீட்டில் நின்றது. அப்படியென்றால் இந்த வருடம்? இதற்குப் பெரிய கணக்குத் தேவையா?

ஆனால் தாண்டிப் போவது எங்கள் கட்டடத்துக்குப் புதிதல்ல. நிலவறையில் ஒரு சலவை மெஷின் உண்டு. அதன் அறைச் சாவியும் வீடு வீடாகத்தான் போகும். கீழ்வீட்டிலிருந்து எங்கள் கதவைத் தாண்டி நேரே இரண்டாம் மாடிக்கு! “அந்த மெஷின் உங்களுக்குக் கஷ்டம்” என்று வந்த புதிதில் ஃபிராவ் மோசர் சொன்னார். அண்ணை தலையாட்டினார். அன்றிலிருந்து நான் குளியல் தொட்டியில் முழங்காலில் இருந்து துவைக்கிறேன்.

இந்த முறை நான் தலையாட்டவில்லை.

“முறை எங்களுடையது. மரம் எங்கள் வீட்டில்தான் நிற்கும்” என்று டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், சொன்னேன். இலக்கணம் பிழைத்திருக்கலாம். கருத்துப் பிழைக்கவில்லை.

அவருடைய சிரிப்பு நின்றது. “சரி. ஆறாம் திகதி நான் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் குச்சி கிழிக்கமாட்டோம். பிறகு எப்போதும் மரம் எங்கள் மூன்று வீட்டோடு இருக்கட்டும்.”

அண்ணை உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“பிள்ளை, உனக்கு விசரோ? சைவக்காரருக்கு என்னத்துக்கு உந்த மரம்?”

“மரம் சைவமோ கிறிஸ்தவ வேதமோ எனக்குத் தெரியாது, அண்ணை. முறை எங்கட.”

“எங்கட அகதி விண்ணப்பத்துக்கே இன்னும் மறுமொழி இல்லை. வந்த இடத்தில அடங்கி இருப்பம்.”

“அடங்கி இருந்துதானே தொட்டிக்குள்ள உடுப்புத் தோய்க்கிறன்!”

ஆனாலும் சனிக்கிழமை சந்தையிலிருந்து என்னோடு மரத்தைத் தூக்கிவந்தவரும் அவர்தான். பால்கனியில், தண்ணீர் வாளிக்குள், குளிரில் நிற்கவைத்தோம். கிறிஸ்மஸ்வரை அப்படித்தான் நிற்கவேண்டும் என்று மரம் விற்றவர் சொல்லியிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். மரம் வரவேற்பறையில்! ஹீற்றரோடு ஒட்டிக்கொண்டு, இரும்புத் தாங்கியில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

“அண்ணை! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

“வெளியில பனி கொட்டுது. அது விறைச்சுப்போய் நிண்டுது, பாவம். கொஞ்சம் சூடு பிடிக்கட்டுமெண்டு...”

“தண்ணி?”

“ஊத்தினா காப்பெற் நனையுமெல்லோ?”

எப்படிக் கோபிப்பது? இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து குளிரில் நடுங்குகிறவர் அவர். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஹீற்றர் பக்கத்துக் கதிரையைத்தான் கொடுப்பார். மரத்துக்கும் அதே மரியாதை! ஒரு சுவிஸ்காரர் கனவிலும் செய்யாத பிழை இது.

கிளையைத் தொட்டேன். ஊசி இலைகள் பொலபொலவென்று கொட்டின. அடிமரத்தை வெட்டிய முகத்தில் பிசின் காய்ந்து கண்ணாடிபோல மூடியிருந்தது. வாளியில் திரும்ப வைத்தேன். ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் குறையவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஊரில் அப்பா இன்னும் கையெழுத்துக்குப் பெருவிரல்தான் வைக்கிறார். நான் படிக்கவேண்டும் என்று அண்ணை சின்ன வயதிலேயே புகையிலைத் தோட்டத்துக்குப் போனார். அப்படி வாங்கிய படிப்பு பரீட்சைத்தாளோடு முடிந்துவிடுமா? விஞ்ஞான வகுப்பில் காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மைக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. மை தண்டுக்குள்ளே கோடு கோடாக ஏறும். தண்டு நசுங்கியிருந்தால் ஏறாது. புதிதாக வெட்டினால் மறுபடி ஏறும்.

அப்படியென்றால் வெட்டவேண்டும். வெட்ட மரம் அரியும் வாள் ஒன்று வேண்டும். கட்டடத்தில் வாள் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்... யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். ஃபிராவ் மோசர் வாளைத் தந்தார். பின்னாலேயே இறங்கியும் வந்தார். கம்பளத்தில் கொட்டிக் கிடந்த ஊசி இலைகளைப் பார்த்தார். ஹீற்றரைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். அண்ணை சாமிப் படங்களைப் பார்த்தார்.

“இப்போது அதைக் குட்டையாக்கப் போகிறாயா?”

“தாகத்தைத் தீர்க்கப் போகிறேன்.”

அண்ணை மரத்தைப் பிடித்துக்கொள்ள நான் அடியிலிருந்து இரண்டு விரற்கடை அரிந்தேன். வெள்ளையாக, ஈரமாக முகம் வந்தது. உடனே தண்ணீருக்குள் வைத்தேன். அந்த அறை ஹீற்றரைத் திருகிப் பூட்டினேன்; சூடு நின்றது.

காலையில் அண்ணைதான் முதலில் கத்தினார். “பிள்ளை, ஓடி வா! மாடுமாதிரிக் குடிச்சிருக்கு!”

வாளியில் பாதித் தண்ணீர் இல்லை.

அன்று கிறிஸ்மஸுக்கு முதல்நாள்; மரத்தைத் தாங்கியில் நிறுத்தித் தட்டில் தண்ணீர் விட்டோம், மாலையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஃபிராவ் மோசர் எல்லோருக்கும் முன்னால் என்னிடம், “இன்றைக்குச் சரி. ஆறாம் திகதி பார்ப்போம்” என்றார்.

பார்ப்போம்! அன்றிலிருந்து தாங்கித் தட்டில் தண்ணீர் வற்ற நான் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் ஊற்றுவேன். வந்தவுடன் தொட்டுப் பார்ப்பேன். ஹீற்றர் பூட்டியபடியே இருந்தது. நாங்கள் இருவரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் இருந்து சோறு சாப்பிட்டோம்.

“ஒரு மரத்துக்காக நாங்கள் விறைச்சுச் சாகிறதோ?” என்றார் அண்ணை.

“சாகமாட்டம். இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ.”

ஆறாம் திகதி மூவரும் வந்தார்கள். நான் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஈரத் துவாயும் எடுத்து வைத்திருந்தேன். ஃபிராவ் மோசர் நேரே மரத்திடம் போனார். ஒரு கிளையைப் பிடித்து உட்பக்கத்திலிருந்து நுனிவரை அழுத்தி உருவினார். கையை விரித்தார்.

ஒரு ஊசிகூட இல்லை.

கிளையை வளைத்தார். அது வளைந்து திரும்பி நிமிர்ந்தது. என் முதுகும்தான்.

ஃபிராவ் மோசர் தன் பையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் ஏற்றினேன். அண்ணை வாளிக்குப் பக்கத்தில் காவல்காரன்போல நின்றார்.

கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி முடித்துப் போகும்போது வாசலில் ஃபிராவ் மோசர் சொன்னார். “உன்னால் முடியும் என்று நான் நினைக்கவில்லை.”

“தெரியும்” என்றேன். வேறென்ன சொல்ல? நன்றியா?

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? “உங்களுக்குக் கஷ்டம்” என்று சொல்கிறவர்கள் அநேகமாக நல்லவர்கள்தான். நாங்கள் தலையாட்டும்வரை அவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். தலையாட்டுவதை நிறுத்தினால் கொஞ்சம் முகம் சுழிப்பார்கள். பிறகு நெருப்புப்பெட்டியை நீட்டுவார்கள்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர் சலவை அறைச் சாவியோடு இரண்டாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

இதை நான் நிலவறையில் இருந்துதான் எழுதுகிறேன். சாவி என் சட்டைப்பையில். மெஷினுக்குள் அண்ணை இடுப்பில் கட்டுகிற சாரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.