பத்திரப்பதிவு அன்று திறந்திருந்த பின்வாசல்

அன்பான சகோதர சகோதரிகளே, போன தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கணவர் மறுபடியும் குவைத்துக்குப் போகிறேன் என்று சொன்னார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஊர் திரும்பிய மனிதர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அங்கே போய் டிரெய்லர் லாரி ஓட்டப் போகிறாராம். "இங்க உக்காந்து எத்தனை நாளைக்கு உன் சம்பளத்துல சாப்பிடுறது?" என்று கேட்டார். போனால் பெட்டியில்தான் திரும்பி வருவார் என்று என் மனதுக்குப் பட்டுவிட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை மாதாவுக்குத் தெரியும்.

என் பெயர் செசிலி. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். என் கணவர் பெயர் சவரிமுத்து. இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் வெளிநாட்டில் சேர்த்ததை எல்லாம் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது. மாதாமாதம் வாடகை வந்தால் அவர் இங்கேயே இருப்பார். வீடு அமையவில்லை என்றால் விசா. இதற்கு நடுவில் வேறு வழி எங்களுக்கு இல்லை.

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. அவரோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்க இறங்குகிறவர். இப்படிப்பட்ட இரண்டு பேர் வீடு வாங்கக் கிளம்பினோம்.

பாண்டி என்று ஒரு புரோக்கர் வந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய செட்டிநாட்டு வீடுகள் உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அப்படி ஒரு வீட்டின் பின்கட்டு மட்டும் தனியாக விலைக்கு வருகிறது என்றார். நடுவில் சுவர் வைத்து மறித்துக்கொண்டால் மூன்று போர்ஷன் ஆக்கலாம். கல்லூரிக்குப் பக்கம். ஆள் வராமல் இருக்காது. என் கணவர் அன்றைக்கே சாக்பீஸ் வாங்கிப் போய், இங்கே அடுப்பு மேடை, இங்கே பாத்ரூம் என்று தரையில் கோடு போட்டுவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் ஆஸ்பத்திரிக்குப் பிறகு பார்த்ததே இல்லை.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பாண்டி ஒரு தடவைகூட எங்களை முன்தெரு வழியாகக் கூட்டிப்போகவில்லை. எப்போது கூப்பிட்டாலும் தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கிற மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொன்னார். பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்றால், "எதுக்குக்கா, கண்ணு பட்டுரும்" என்று வண்டியைக் கிளப்பினார். பின்கட்டின் ஓரத்தில் ஓர் அறை பூட்டியிருந்தது. கேட்டால், பழைய பாத்திரம் கிடக்கிறது, சாவி சென்னையில் இருக்கிறது, திறந்து பல வருசம் ஆச்சு என்றார். நான் சும்மா பூட்டைப் பிடித்துப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"யாருமே தொறக்காத பூட்டுக்கு எண்ணெய் விட்டது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தாங்க்கா. துருப்பிடிச்சுரக் கூடாதுல்ல" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விற்கிறவர் சென்னையில் இருந்தார். போனில் தேனாகப் பேசினார். "எங்க அப்பச்சி காலத்துலயே வாய்மொழியாப் பாகம் பிரிச்சாச்சும்மா. பின்கட்டு எனக்குத்தான். நீங்க வேதக்காரவுக, உங்கள நம்பித்தான் கொடுக்கிறேன்" என்றார். பணம் கொடுக்கப்போவது நாங்கள். நம்புகிறவர் அவராம். வரி ரசீது, கரண்டு இணைப்பு எல்லாம் அவர் பெயரில் இருந்தன. வில்லங்கச் சான்றிதழும் போட்டுப் பார்த்தோம். ஒரு வரி வில்லங்கம்கூட இல்லை. பாண்டி அழைத்துவந்த வக்கீல், கண்ணாடி மாதிரி சுத்தமான சொத்து என்றார். எனக்கு அந்தச் சுத்தம்தான் பயமாக இருந்தது. அவ்வளவு பழைய வீட்டுக்கு ஒரு சண்டை, ஓர் அடமானம்கூடவா இல்லாமல் போகும்?

பதிவுக்கு முன்னால் ஒரு பைசா முன்பணம் தரமாட்டேன் என்று நின்றேன். அதற்கே வீட்டில் சண்டை. "உனக்கு ஆண்டவரையே சந்தேகம்" என்றார் என் கணவர். எங்கள் செபக்கூட்டத்து ரீட்டாக்காவிடம் போய்ச் சொன்னால் அவர்களும், "சந்தேகப்பட்டுக்கிட்டே செபம் பண்ணா எப்படி கேப்பாரு?" என்று கேட்டுவிட்டார்கள். மனது உடைந்துவிட்டது. அன்று செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு செபம்தான் செய்தேன். "ஆண்டவரே, எனக்கு நம்பிக்கை வேண்டாம், விடை வேண்டும். இது நல்ல வீடா, இல்லையா? இந்த மனுசனைப் பெட்டியில் வைத்து என்னிடம் அனுப்பிவிடாதீர்." தினமும் இதையே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

பாண்டி பதிவுக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். வேறு நாள் கேட்டேன். முடியவே முடியாது, அன்றைக்கு விட்டால் நல்ல முகூர்த்தம் இல்லை, வேறொரு பார்ட்டி காத்திருக்கிறது என்றார். அன்றைக்குக் காலையில் பூசை முடிந்ததும் கோயிலில் மந்திரித்த தீர்த்தம் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். வாங்குவதென்றே ஆகிவிட்டது, வீட்டில் தெளித்துவிட்டு வருவோம் என்று பாண்டிக்குப் போன் போட்டுச் சாவி கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். "இன்னைக்கு அங்குட்டே போகாதீகக்கா! பதிவு முடியட்டும், நானே சாவிய கையில தாரேன்" என்றார்.

சகோதர சகோதரிகளே, அந்த நிமிடம் என் உள்ளத்தில் ஒரு சத்தம். "போ" என்று ஒரே வார்த்தை. சாவி இல்லாவிட்டால் என்ன, வெளிவாசலில் தெளிப்போம் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரை, மத்தியானம் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பின்தெருவில் இறங்கினால், எப்போதும் பூட்டிக் கிடக்கிற பின்வாசல் விரியத் திறந்து கிடக்கிறது. உள்ளே விறகடுப்புப் புகை. பெரிய பெரிய அண்டாக்கள். இருபது முப்பது பேர் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். என் கணவர் சாக்பீஸால் கோடு போட்ட இடத்தில் ஒருவர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அறையும் திறந்திருந்தது. உள்ளே குத்துவிளக்கு, மடித்து வைத்த புதுச்சேலைகள், வேட்டிகள். பாத்திரம் ஒன்றைக்கூடக் காணோம்.

என்னைவிட வயதில் சின்னவராக ஓர் அம்மா வந்தார். மீனாள் ஆச்சி என்று பெயர். அந்தச் சமூகத்துப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

"வாங்க, எங்கேருந்து வாரீக? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"இந்தப் பின்கட்டை நாங்க வாங்குறோம். இன்னைக்குப் பதிவு" என்றேன்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எதை வாங்குறீக? இது படைப்பு வீடுங்க. இன்னைக்குத்தான் எங்களுக்குப் படைப்பு!"

வருடத்தில் ஒரு நாள் பங்காளிகள் எல்லாரும் கூடி, தங்கள் முன்னோர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்து, சேர்ந்து சாப்பிடுகிற நாள் அது. அந்த அறையில்தான் படைப்பார்கள். வீடு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. பாகம் பிரிக்கவே இல்லை. தலைமுறையாக எதையும் பதிவு செய்யாததால்தான் வில்லங்கத்தில் ஒன்றும் வரவில்லை. படைப்பு நெருங்கியதால் இவர்கள் ஆள் விட்டுப் பூட்டுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள். விற்க வந்தவரும் ஒரு பங்காளிதான். வரியும் கரண்டு பில்லும் கட்டுகிற பொறுப்பை அவரிடம் விட்டிருந்ததால் எல்லாம் அவர் பெயரில் இருந்திருக்கிறது. அவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடம்பு முடியவில்லை, சென்னையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பங்காளியோ அந்நேரம் காரைக்குடியில் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் எல்லாரும் இந்த வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற நாள். அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். அவருக்கு நல்ல முகூர்த்தம்தான்!

என் கணவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. மீனாள் ஆச்சி தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "படைப்புக்கு நேரமிருக்கு, காரை எடுங்க" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் டிமாண்ட் டிராப்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காக வரிசையில் நின்றிருந்தார். போனைச் சைலண்டில் போட்டிருக்கிறார், மரியாதைக்காம்! ஆச்சி வீட்டுக்காரரைப் பார்த்ததும் விற்க வந்தவர் எழுந்தார். "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று வெளியே போனார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் போலிருக்கிறது. பாண்டியையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பணம் தப்பியது. ஆனால் என் கணவர் ஒடிந்துபோனார். "எனக்கு ஊர்ல பிழைக்கத் தெரியல செசிலி. நான் போயிர்றேன்" என்றார். ஆண்டவரிடம் எனக்குக் கோபம்கூட வந்தது. பாதி விடை கொடுத்து நிறுத்திவிட்டீரே என்று சண்டை போட்டேன்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரம் மீனாள் ஆச்சி போன் செய்தார். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் தன் பெயருக்கே எழுதிக்கொடுத்த ஒரு வீடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிறதாம். இரண்டு போர்ஷன், ஓட்டு வீடு. விற்கலாம் என்று இருக்கிறாராம். எனக்கு உடனே சந்தேகம். இவ்வளவு தானாக வருகிறதே! வேறொரு வக்கீலை நானே பிடித்தேன். பத்திரத்தைப் படிக்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் விசாரித்தேன். மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போய் உள்ளே நின்றேன். ஒழுகியது. விலையைக் குறைத்தேன். ஆச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு வாடகைக்கு விடப்போகிறோம் என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது ஒரு போர்ஷனில் ஒரு நர்ஸ் குடும்பம், இன்னொன்றில் பேக்கரியில் வேலை பார்க்கிற ஒருவர், தன் தாயாரோடு. ஆண்டவர் புண்ணியத்தில் வாடகை ஒழுங்காக வருகிறது. போன மாதம் விசா ஏஜென்ட் என் கணவருக்குப் போன் செய்தார். நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இல்ல தம்பி, நான் வரல. நர்சம்மா வீட்ல குழாய் ஒழுகுது, இன்னைக்கு வாஷர் மாத்தியாகணும்" என்று வைத்துவிட்டு, ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "என்ன ஆச்சு?" என்கிறார் அந்த மனுசன்!

உங்களில் யாராவது இப்படி ஒரு காரியத்தில் இறங்கித் தவித்துக்கொண்டிருந்தால், சந்தேகம் வருகிறதே, என் செபம் கேட்கப்படுமா என்று பயப்படாதீர்கள். அந்தச் சந்தேகத்தையும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். கேள்வி கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் வீட்டில் இன்றைக்கு இரண்டு தட்டில் சோறு போடுகிறேன். அதுதான் எனக்கு அவர் கொடுத்த விடை. அவருக்கு என்றைக்கும் நன்றி.