ஒரே சட்டை, இரண்டு வாளி ரத்தம்

சினிமாவுக்கு ரத்தம் காய்ச்சுவது என் தொழில். முகமூடிக்காரன் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக வெட்டிக்கொண்டே போகும் சின்ன பட்ஜெட் படங்களில் கதாநாயகனைவிட எனக்குத்தான் வேலை அதிகம். அடுப்படியில் நிற்பவர்களுக்கு இது புரியும்: பக்குவம் தப்பினால் திட்டு, சரியாக வந்தால் யாருக்கும் நம் நினைவே வராது.

நிறம்

முதல் படம். வடசென்னை விம்கோ நகரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையில் படப்பிடிப்பு. சர்க்கரைப் பாகில் சிவப்புப் பொடி கலந்து காட்டினேன். "வாட்ச்மேன் சாகிற காட்சிக்கு வெள்ளைச் சட்டை ஒண்ணுதான் இருக்கு. சொதப்பினா நாளைக்கு வேற ஆள்" என்றார் இயக்குநர்.

நிஜ ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, மறுநாள் காலை பாட்டிலோடு காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனேன். மீன் வெட்டித் தரும் செல்வியக்காவின் பலகையில், அப்போதுதான் வெட்டிய வஞ்சிரத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஊற்றினேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வெட்னா செவப்பு, கொஞ்ச நேரம் போனா கறுத்துப்பூடும். உன்னுது ஊத்துனதுலேர்ந்து அப்டியே கீது, கல்யாண சர்பத்து மாறி."

பிணம்

அன்று இரண்டு வாளி காய்ச்சினேன். புது ரத்தம் ஒன்று. காப்பி டிகாக்‌ஷன் விட்டுக் கறுக்கவைத்த பழைய ரத்தம் ஒன்று. இயக்குநர் சரியென்று தலையசைத்தார். வாட்ச்மேனாக நடித்தவர் மூர்த்தி, விசைப்படகில் வேலை செய்பவர். வெள்ளைச் சட்டையோடு அவரைத் தரையில் படுக்கவைத்து ஊற்றினேன். கேமரா ஓடியது. முகமூடிக்காரன் இரும்புக் கம்பியைத் தரையில் இழுத்தபடி அவரை மெதுவாகச் சுற்றி வர வேண்டும்.

தரை விரிசலிலிருந்து எறும்புகள் வந்தன. பாகு என்றால் எறும்பு வரும் என்பதுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எறும்புச் சாரை அவர் கழுத்தில் ஏறிக் காதுக்குள் போனது. அவர் ஒரு முறை கையை வீசியிருந்தால் சட்டை போச்சு, காட்சி போச்சு, நானும் போயிருப்பேன். கம்பிச் சத்தம் நிற்கும்வரை அவர் இமைகூட அசையவில்லை.

ஓடிப்போய்த் துடைத்துவிட்டேன். காது வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன என்னை மூர்த்தி தடுத்தார். "வுடு மாமு. நான் எந்திரிச்சிருந்தா உன்ன வூட்டுக்கு அனுப்பிருப்பாங்க. அடுத்த பொணத்துக்கு மட்டும் சக்கரை கம்மியாப் போடு."

மேட்னி

படம் வந்ததும் திருவொற்றியூரில் மேட்னிக்குப் போனேன். முன் வரிசையில் ஒரு பெண், "அந்தக் கதவ தொறக்காத" என்று கதாநாயகியை அதட்டிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது. அரங்கமே அலறியது, பிறகு சிரித்தது. இடைவேளையில், இப்படிப் பயந்துகொண்டு ஏன் வருகிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். மணலியிலிருந்து வருகிறாராம். "அங்க ஃபேக்டரிக் காத்து நாறும்போது புள்ளைங்களுக்கு இன்னா ஆவுமோன்னு பயம்மாத்தான் கீது. அதுக்குக் கத்த முடியுதா? இங்க கத்திக்கலாம்."

இன்றுவரை ஏழு படங்களில் முப்பது பேரைச் சாகவைத்திருக்கிறேன். அவர்கள் தயவில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.