மூச்சு வாங்கும் இடம்

போன வாரம் கம்பம் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டுப் பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். அரை நிமிஷத்தில் வீடியோ தயார். நான் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தொழில் புத்தி.

சிடி புழங்கிய காலத்தில், பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் மாடியில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். பிளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. வருகிறவர்களிடம் பேசக் கூச்சம். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். மாப்பிள்ளை தலையைச் சுற்றி இதயம் பறக்கவிடுவதும், பெண் மேல் ரோஜா இதழ் கொட்டுவதும்தான் எனக்குத் தெரிந்த கலை. கீழே ஏலக்காய்க் கடை. ஏசி போட்டால் அந்த வாசம் அறைக்குள் அப்படியே நிற்கும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் கடிபட்டால் காளீஸ்வரி ஞாபகம் வந்துவிடுகிறது.

அவள் காலேஜ் மாணவி, அனுமந்தன்பட்டிக்காரி. அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அதை அவளே பாட்டாக எழுதிப் பாடியிருந்தாள். கூடப் படித்த செந்தில் எங்கள் கேமராவை வாடகைக்கு எடுத்து, திராட்சைத் தோட்டத்தில் அழகான ஒரு பெண்ணை வாயசைக்க விட்டுப் படம் பிடித்து வந்தான். மறுநாள் மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கான வீடியோப் போட்டி.

"பாட்டோட உதடு ஒட்டலக்கா. ரெண்டு ஃப்ரேம் தள்ளிப் பாருங்க," என்றான் செந்தில்.

தள்ளினேன், ஒட்டியது. ஆனாலும் படம் செத்துக் கிடந்தது. வழக்கம்போல ரோஜா இதழ் கொட்டிப் பார்த்தேன். ஜீப்பில் போகிற அம்மாவின் பாட்டு கல்யாண வரவேற்பு மாதிரி ஆகிவிட்டது.

செந்திலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி மெதுவாகச் சொன்னாள்: "விடு செந்திலு. எங்கம்மாவ இப்படி வேடிக்கை காட்ட வேணாம். இத அனுப்பாத."

படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டேன். ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் லேசாகக் கேட்டது. மறுபடி படத்தைப் பார்த்தேன். திராட்சைத் தோட்டத்துப் பெண் ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

"கழுத்து பாடல தம்பி," என்றேன். நானா பேசினேன் என்றிருந்தது.

"கழுத்து வேற பாடணுமாக்கா? உதட்டுக்கே ஒரு நாள் போச்சு."

"காளீஸ்வரி நிக்கட்டும்."

"எம் மூஞ்சிய யாருக்கா பாப்பாக?" என்றாள் அவள்.

"நாங்க தெனமும் பாக்கலயா? செத்தா போயிட்டோம்? வந்து நில்லு," என்றான் செந்தில்.

ஜன்னலோரம் நிறுத்தினோம். கேமராவை நானே பிடித்தேன். பாட்டைப் போட்டதும் அவள் வாயசைக்கவில்லை, வாய்விட்டே பாடினாள். ஜீப் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற அடி வந்தது. அதற்கு முன் தோள் மெல்ல உயர்ந்து, தொண்டையடியில் குழி விழுந்து, நரம்பு புடைத்தது. அந்த ஒரு மூச்சில் மலை முழுவதும் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. எத்தனையோ கல்யாணத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒருத்தி பாடும்போது உடம்பில் இவ்வளவு நடக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். பாட்டு முடிந்த பிறகும் கேமராவை நிறுத்தத் தோன்றவில்லை.

அதை எங்கும் வெட்டாமல் சிடியில் ஏற்றிக் கொடுத்தேன். கேமராவிலிருந்த டேப்பை உறையில் போட்டு, அவள் பெயரை எழுதி அலமாரியில் வைத்தேன். மறுநாள் செந்தில் போன் செய்தான். "ஒரு பய விசிலடிக்கலக்கா." எடிட்டிங்கில் ஓடிய கல்யாணத்தை நிறுத்தினேன். "பாட்டு முடிஞ்சும் கம்முனு இருந்தானுக. பெறகு தட்டுனானுக பாருங்க, நிறுத்தவே இல்ல."

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த வகை டேப்பை ஓட்டும் மெஷினும் யாரிடமும் இல்லை. ஸ்டுடியோவை மூடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் காளீஸ்வரி தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். சிடி கீறல் விழுந்து ஓடவில்லையாம். "அம்மா இன்னும் பாக்கலக்கா."

பெருமையாக டேப்பை எடுத்துப் போட்டேன். அல்லிநகரத்துக் காதுகுத்து ஓடியது. கம்ப்யூட்டரில் வாரா வாரம் அழித்துவிடுவோம். டேப்பிலும் ஒரு விசேஷத்தின் மேல் இன்னொன்றை எடுப்போம். இந்த டேப்பைக் கேமராமேனிடம் எடுத்துக் கொடுத்ததும் நானாகத்தான் இருக்கும்.

காது குத்தி அழுகிற குழந்தையைப் பார்த்து அவள் அம்மா சிரித்தார். "எங்கடி ஒம் பாட்டு?"

காளீஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். "வேற டேப்பாம்மா. அக்கா தேடணுமாம். இன்னொரு நாளைக்கு வருவம்."

அவள் பெயர் எழுதிய உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.